சந்தேகத்துக்கும் பயிற்சி வேண்டும்

குற்றத்தில் வந்த பணத்தை நேர்வழியில் வந்த பணம்போலக் காட்டும் வேலை பெரும்பாலும் ஏதோ ஒரு வங்கிக் கணக்கைத் தொட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. அதனால் அதைக் கண்டுகொள்ளும் முதல் பொறுப்பைச் சட்டம் வங்கியிடமே ஒப்படைத்திருக்கிறது. இந்தியாவில் 2002-ல் நிறைவேறி, 2005 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் யார் என்று அறிந்துகொள்வதும், ஆவணங்களை ஐந்து ஆண்டு காத்து வைப்பதும் வங்கியின் கடமை. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு பரிவர்த்தனை சந்தேகத்துக்குரியது என்று முடிவுக்கு வந்தால், அறிக்கை தாமதமின்றிப் போக வேண்டும். 2004-ல் நிதி அமைச்சகத்தின் கீழ் அமைக்கப்பட்ட நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத்தான் இவை போய்ச் சேருகின்றன.

ரொக்க அறிக்கையைக் கணினியே தயாரித்துவிடும். வங்கிகளில் எல்லோரும் எஸ்டிஆர் என்று சொல்லும் சந்தேக அறிக்கை அப்படியல்ல. அதை ஒரு மனிதர் யோசித்து எழுத வேண்டும். எத்தனை ரூபாய்க்கு மேல் சந்தேகப்பட வேண்டும் என்று சட்டத்தில் வரம்பு கிடையாது. 5,000 ரூபாய் வரவு குற்றத்தின் தடயமாக இருக்கலாம். 5 கோடி ரூபாய் வரவு முழுக்க நேர்மையானதாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை உணரும் கண் யாருக்கும் பிறவியில் வருவதில்லை. ஏஎம்எல் எனப்படும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புப் பிரிவில் பயிற்சி அவசியமாவது இதனால்தான்.

பயிற்சி தரப்பட வேண்டும் என்பதும் விதிதான். 1989-ல் பாரிஸில் ஜி-7 நாடுகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்துக்கு எதிராக உருவாக்கிய எஃப்ஏடிஎஃப் அமைப்பின் 40 பரிந்துரைகளில், நிதி நிறுவனங்களின் உள்கட்டுப்பாடு பற்றிய 18-வது பரிந்துரை தொடர்ச்சியான ஊழியர் பயிற்சியையும் கேட்கிறது. ரிசர்வ் வங்கி 2016-ல் வெளியிட்ட, வாடிக்கையாளரை அறிவதற்கான கேஒய்சி வழிகாட்டு நெறிகள் ஒரு படி மேலே போய், கவுன்ட்டர் ஊழியருக்கும், கம்ப்ளையன்ஸ் ஊழியருக்கும், புதிய வாடிக்கையாளரைச் சேர்ப்பவருக்கும் பயிற்சியின் நோக்கம் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்றன. நல்ல விதி. ஆனால் பல நிறுவனங்களில் மூவருக்கும் கிடைப்பது ஒரே ஆன்லைன் பாடம்தான். ஆண்டுக்கு ஒருமுறை திரையில் ஓடும் அந்தப் பாடத்தின் முடிவில் சரியான விடையை டிக் செய்தால் சான்றிதழ் வந்துவிடும். தணிக்கைக்கு வருபவர் கேட்கும் பதிவேடு நிரம்பும். பணம் எந்த மூன்று கட்டங்களில் வெள்ளையாகிறது என்பது ஊழியருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். தன் எதிரே நிற்கும் ஆளைப் பற்றி அவர் புதிதாக எதையும் கற்றிருக்க மாட்டார்.

கவுன்ட்டரில் நிற்பவருக்கு வேண்டியது வேறு. பத்து வருடமாக மாதம் ஒருமுறை ஓய்வூதியம் எடுக்க மட்டுமே வரும் பெரியவர் ஒருவர் திடீரென வந்து, முதிர்வுக்கு எட்டு மாதம் இருக்கும் வைப்புத் தொகையை உடைக்கச் சொல்கிறார். முழுத் தொகையையும் அதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் செய்ய வேண்டும் என்கிறார். கைப்பேசி காதிலேயே இருக்கிறது. காரணம் கேட்டால் பதில் இல்லை. அவசரம் மட்டும் இருக்கிறது. போலீஸ்போலத் தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடியின் அடையாளம் இது. பயிற்சி பெற்ற ஊழியர் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவரை மேலாளரின் அறையில் உட்கார வைத்து, வீட்டில் இன்னொருவரிடம் பேசச் சொல்வார். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைச் சொல்வார். பயிற்சி இல்லாதவர் கையெழுத்து பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துப் பணத்தை அனுப்பிவிடுவார். விதிப்படி அவர் செய்தது தவறில்லை. பெரியவரின் வாழ்நாள் சேமிப்பு மட்டும் போயிருக்கும்.

அந்தப் பணம் போய் விழும் இடத்தில்தான் ஏஎம்எல் பிரிவின் வேலை தொடங்குகிறது. அங்கே இருப்பவர் வாடிக்கையாளரைப் பார்ப்பதே இல்லை. மென்பொருள் எழுப்பும் அலெர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மூடலாமா மேலே அனுப்பலாமா என்று முடிவு செய்கிறார். மிகப் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. நூறாவது அலெர்ட்டையும் முதலாவதைப் போலவே படிக்க வேண்டும் என்பதே இந்த வேலையின் பெரிய சோதனை. ஒரு கல்லூரி மாணவரின் சேமிப்புக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதமாக இருப்பு நான்காயிரத்தைத் தாண்டவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கணக்கோடு இணைந்த கைப்பேசி எண் மாறுகிறது. அன்று மாலை பல மாநிலங்களிலிருந்து யுபிஐ வரவுகள் வரிசையாக விழுகின்றன. ஒவ்வொன்றும் வந்த சில நிமிடங்களில் வேறு வங்கிகளுக்கு நகர்கிறது. மிச்சம் வேறொரு மாநிலத்து ஏடிஎம்மில் எடுக்கப்படுகிறது. கணக்கை யாருக்கோ சில ஆயிரத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் அந்த மாணவர்.

இதை எஸ்டிஆரில் எப்படி எழுதுவது? ‘வாடிக்கையாளரின் வருமானத்துக்குப் பொருந்தாத பரிவர்த்தனைகள் காணப்படுகின்றன’ என்ற ஒற்றை வரி ஆயிரக்கணக்கான அறிக்கைகளுக்குப் பொருந்தும். அதனால் எதற்கும் பயன்படாது. கைப்பேசி எண் மாறிய நேரம், முதல் வரவு விழுந்த நேரம், பணம் கணக்கில் தங்கிய நிமிடங்கள், போய்ச் சேர்ந்த வங்கிகள், ஏடிஎம் இருந்த ஊர், கணக்கு தொடங்கும்போது மாணவர் சொன்ன வருமானம் என்று அடுக்கி, இவையெல்லாம் சேர்ந்து ஏன் வாடகைக் கணக்கைக் காட்டுகின்றன என்று எழுதினால், டெல்லியில் நிதிப் புலனாய்வுப் பிரிவில் அதைப் படிக்கும் அதிகாரி அடுத்த கேள்வியை எங்கே கேட்பது என்று அறிந்துகொள்வார். ஏஎம்எல் பயிற்சிகளில் மிகக் குறைவாகச் சொல்லித் தரப்படுவது இந்த எழுத்துதான். பழைய அறிக்கைகளைப் பெயர் நீக்கி மேஜையில் வைத்து, இரண்டு பேர் உட்கார்ந்து திருத்தும் ஒரு மதிய நேரம், பத்து மணி நேரக் காணொளிப் பாடத்தைவிட அதிகம் கற்றுத் தரும்.

அடுத்தது வாடிக்கையாளரிடம் பேசும் கலை. அறிக்கை போகிறது என்பதை அவருக்குக் குறிப்பாலும் உணர்த்தக் கூடாது. ஆனால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் கேள்வி கேட்டாக வேண்டும். விசாரித்தாலே அவர் உஷாராகிவிடுவார் என்று தோன்றினால், விசாரணையை விட்டுவிட்டு நேரே அறிக்கை அனுப்பவும் ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. எந்த நேரத்தில் எதைச் செய்வது என்பதைப் பாத்திரமேற்று நடித்துப் பழகினால்தான் பிடிபடும். நல்லெண்ணத்தோடு அனுப்பிய அறிக்கைக்காக வங்கி மீதும் ஊழியர் மீதும் வழக்குப் போட முடியாது என்று சட்டத்தின் 14-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. கிளைகளில் பலருக்கு இது தெரியாது. உள்ளூர்ப் பெரிய மனிதரின் கணக்கைப் பற்றி எழுதத் தயங்கும் கை, இதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் துணியும்.

உள்ளூர் அறிவும் பாடத்தில் சேர வேண்டும். பட்டாசு விற்பவரின் கணக்கில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரொக்கம் குவிவது வியப்பல்ல. அவருடைய ஆண்டு வியாபாரமே அதுதான். அதே கணக்கில் அதே அளவு ரொக்கம் ஏப்ரலில் வந்தால் கேட்க வேண்டும். பன்னாட்டு வங்கிகளின் சேவை மையங்கள் சென்னையில் இருக்கின்றன; அங்கே அமர்ந்து வேறு நாட்டுக் கணக்குகளின் அலெர்ட்டைப் படிப்பவருக்கு, அந்த நாட்டின் பண்டிகையும் வணிகப் பருவமும் சம்பளத் தேதியும் தெரியாவிட்டால் விதிகள் எல்லாம் தெரிந்தும் பயனில்லை.

சான்றிதழ்கள் இந்தத் தொழிலில் பெருகியிருக்கின்றன. 1928-ல் தொடங்கிய இந்திய வங்கி, நிதியியல் கழகம் ஏஎம்எல், கேஒய்சிக்கென்று தனித் தேர்வு நடத்துகிறது. உலக அளவில் அதிகம் மதிக்கப்படுவது ஏகாம்ஸ் அமைப்பின் கேம்ஸ் சான்றிதழ். அதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, தொடர்ந்து படித்ததைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் கணிசமானது. ஆனாலும் தனியார் வங்கிகளிலும் சேவை மையங்களிலும் வேலை மாறும்போது இது கைகொடுக்கிறது. ஒரு தேர்வு தொழிலின் பொது மொழியைக் கற்றுத் தரும். கண்ணைத் திறப்பது வழக்குகள்தான்.

2012-ல் எச்எஸ்பிசி அமெரிக்க அரசுக்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்ட வழக்கு ஒரு பாடநூல். மெக்சிகோவின் போதைப்பொருள் கும்பல்கள் கிளைக் கவுன்ட்டர் ஜன்னலின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் பெட்டிகளைச் செய்து அவற்றில் ரொக்கத்தைக் கொண்டுவந்து கட்டின என்று அமெரிக்க நீதித் துறை சொன்னது. எந்த மென்பொருளும் பெட்டியின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர் கவுன்ட்டர் ஊழியர் மட்டுமே. டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை இன்னொன்று. 2007 முதல் 2015 வரை அதன் வெளிநாட்டு வாடிக்கையாளர் கணக்குகள் வழியாக ஏறத்தாழ 20,000 கோடி யூரோ பாய்ந்தது. அதை வெளிக்கொண்டு வந்த ஹோவர்ட் வில்கின்சன் கம்ப்ளையன்ஸ் பிரிவைச் சேர்ந்தவர் அல்ல. வர்த்தகப் பிரிவின் தலைவர். வங்கியில் பெரிய இருப்பு வைத்திருந்த பிரிட்டன் நிறுவனம் ஒன்று, பிரிட்டனின் நிறுவனப் பதிவேட்டில் தான் இயங்கவே இல்லை என்று கணக்குத் தாக்கல் செய்திருந்ததை அவர் கவனித்தார். யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு அது. 2013 டிசம்பரில் மேலிடத்துக்கு எழுதினார். அவர் செய்ததைப் போல, வாடிக்கையாளர் சொன்னதை வெளி ஆவணம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை ஒவ்வொரு பயிற்சியிலும் கைகளால் செய்து பழக்கலாம்.

ஓர் ஊழியர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், அவருக்குத் தெரிவது தன் வங்கியின் கணக்குகள் மட்டும். வாடகைக் கணக்கிலிருந்து பணம் ஐந்து வங்கிகளைத் தாண்டிவிட்டால், ஐந்து அதிகாரிகள் யானையைத் தடவிப் பார்த்த குருடர்களாக ஆளுக்கொரு பகுதியை வைத்திருப்பார்கள். ஒருவரோடு ஒருவர் வாடிக்கையாளர் பெயரைப் பேசுவதை ரகசியக் காப்பு விதி தடுக்கும். இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பல நாடுகள் அரசும் வங்கிகளும் ஒரே மேஜையில் அமரும் அமைப்புகளை உருவாக்கின. பிரிட்டன் 2015-ல் ஜேஎம்எல்ஐடியைத் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2017-ல் ஃபின்டெல் கூட்டணியை அமைத்தது. சிங்கப்பூர் 2024 ஏப்ரலில் தொடங்கிய காஸ்மிக் தளத்தில், ஆறு பெரிய வங்கிகள் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு வாடிக்கையாளர் விவரத்தையே பகிர்ந்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. நாடுகளின் புலனாய்வுப் பிரிவுகளுக்கோ 1995-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்த எக்மான்ட் குழு இருக்கிறது.

இந்தியாவில் நிதிப் புலனாய்வுப் பிரிவின் முயற்சியில் உருவான அரிஃபாக் என்ற கூட்டமைப்பு, அறிக்கை தர வேண்டிய நிறுவனங்களை ஒன்றாக அழைத்து, புதிய மோசடி வகைகளையும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளையும் பேச வைக்கிறது. இங்கே பகிரப்படுவது வாடிக்கையாளரின் பெயரல்ல, மோசடி நடக்கும் விதம். ‘கைப்பேசி எண் மாறிய அன்றே வரவு தொடங்கும் கணக்குகளைக் கவனியுங்கள்’ என்று ஒரு வங்கியின் அதிகாரி சொன்னால், மற்ற வங்கிகள் அடுத்த வாரமே தங்கள் மென்பொருளில் அந்த விதியைச் சேர்க்கலாம். தேநீர் இடைவேளையில் கிடைக்கும் இத்தகைய ஒரு வாக்கியம் பல நேரம் அன்றைய உரைகளைவிடப் பெறுமதியானது. அதே பழக்கம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும்போது ஆபத்தாகிறது. அவசரத்தில் யாராவது கணக்கு எண்ணைப் போட்டுவிட்டால், அது ரகசிய மீறல். எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது என்பதே எந்தக் கூட்டமைப்பிலும் முதல் நாள் பாடமாக இருக்க வேண்டும்.

இத்தகைய தொடர்பு அதிகம் தேவைப்படுவது சிறியவர்களுக்கு. பெரிய வங்கியின் ஏஎம்எல் பிரிவில் பக்கத்து மேஜையில் கேட்க ஆள் இருக்கும். நகரக் கூட்டுறவு வங்கியில் இந்த அறிக்கைகளை அனுப்பும் முதன்மை அலுவலர் என்ற பொறுப்பை வகிப்பவர் பெரும்பாலும் கடன் பிரிவையும் சேர்த்துப் பார்ப்பவர். அவருக்குத் துணை யாரும் இல்லை. 2020 டிசம்பரில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கும் நகை வியாபாரிகளும், 2023-ல் கிரிப்டோ நிறுவனங்களும், சில வகைப் பணிகளுக்காக ஆடிட்டர்களும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தனர். நகைக்கடை மேலாளருக்கு எஸ்டிஆர் எழுதச் சொல்லித் தர எந்த வங்கிப் பயிற்சிக் கல்லூரியும் இல்லை. மாவட்ட அளவில், தமிழில், நகைக்கடையின் வழக்குகளை வைத்தே நடத்தும் வகுப்புகள் அவருக்கு வேண்டும். தொழிற் சங்கங்கள் இதை எடுத்துச் செய்யலாம்.

பொதுத்துறை வங்கிகளில் இன்னொரு தடை இடமாறுதல். மூன்று ஆண்டில் கண் பழகிய அதிகாரி கடன் பிரிவுக்குப் போய்விடுகிறார். அவரோடு அவர் கற்றதும் போகிறது. போகும் முன் அவர் கையாண்ட பத்து வழக்குகளைப் பெயர் நீக்கி எழுதி வைக்கச் செய்தால், வருபவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. அனுப்பிய அறிக்கை என்னவாயிற்று என்பதும் பெரும்பாலும் அனுப்பியவருக்குத் தெரிவதில்லை. விசாரணை ரகசியம் கருதி அது ஓரளவு தவிர்க்க முடியாதது. ஆனால் எந்த வகை அறிக்கை உதவியது, எது உதவவில்லை என்பதைப் புலனாய்வுப் பிரிவு திரும்பிச் சொல்லும்போதெல்லாம் அடுத்த அறிக்கையின் தரம் உயர வழி பிறக்கிறது.

பயிற்சி பலித்ததா என்பதை வகுப்புக்கு வந்தவர் எண்ணிக்கை காட்டாது. மென்பொருள் எழுப்பாத சந்தேகங்களைக் கிளை ஊழியர்கள் தாங்களாகவே எத்தனை முறை மேலே அனுப்பினார்கள், அவற்றில் எத்தனை எஸ்டிஆர் ஆயின என்று ஒவ்வொரு காலாண்டும் வங்கி தன்னைத்தானே கேட்டுக்கொண்டால், எந்தக் கிளைக்கு மீண்டும் வகுப்பு வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரியும்.