இரும்புச்சத்து மாத்திரையும் தேத்தண்ணியும்

பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களில் வாழும் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. ஆனால் வழங்கப்படும் மாத்திரைகள் எல்லாம் விழுங்கப்படுவதில்லை. விழுங்கியவையும் முழுமையாக உடம்பில் சேருவதில்லை. இந்த இரு இழப்புகளையும் எப்படித் தவிர்க்கலாம் என்று பார்ப்போம்.

சோம்பலா, நோயா?

மலையேறும்போது மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, கண்ணிமையின் உட்புறம் வெளிறுதல் ஆகியவை குருதிச்சோகையின் அறிகுறிகள். உடம்பெங்கும் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஈமோகுளோபின் உருவாக இரும்பு வேண்டும். மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவங்கள், கொக்கிப்புழு, மீனும் இறைச்சியும் கீரையும் குறைந்த சாப்பாடு என்பன இரும்பைக் குறைக்கின்றன. 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்கும் குறைந்தால் அது குருதிச்சோகை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1979 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. இரும்புச்சத்துக் கொடுத்து ஈமோகுளோபின் உயர்ந்தபோது அவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். அதிகமாகச் சோகையுற்றிருந்தவர்களே அதிக முன்னேற்றம் கண்டார்கள். மூன்று வாரங்களில் அவர்களுடைய அன்றாட நடமாட்டமும், மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களுடையதைவிடக் கூடியிருந்தது.

கிலோ குறைந்து அரைப் பேர் விழும்போது ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று ஏசுவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். கொழுந்தின் நிறை கூடுவது நல்லதே. வேலை முடிந்து லயத்துக்கு வந்தபின் பிள்ளைகளோடு சிரித்துப் பேச அவளிடம் தெம்பு மிஞ்சுவது அதைவிட நல்லது.

எப்படிச் சாப்பிடுவது?

தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து அதை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. சோற்றிலுள்ள இரும்புக்கும் மாத்திரையிலுள்ள இரும்புக்கும் இதே கதிதான் என்பதைத் தென்னாபிரிக்காவில் செய்யப்பட்டு 1975 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே சாயத்தண்ணியோடு மாத்திரையை விழுங்கக் கூடாது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். சாப்பாட்டுக்கும் அப்படியே.

விற்றமின் சீ இரும்பு சேர்வதற்கு உதவும். கிளினிக்கில் தரும் விற்றமின் சீ மாத்திரையோடோ, தேசிக்காய்த் தண்ணியோடோ எடுக்கலாம். கல்சியம் மாத்திரையையும் பாலையும் வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பை இரவிலும் கல்சியத்தைக் காலையிலும் எடுத்தால் குழப்பம் இராது.

பக்க விளைவுகள்

வயிற்றைப் பிரட்டுதல், மலச்சிக்கல், வயிற்று நோவு வரலாம். வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துப் பாருங்கள். தண்ணீரும் கீரையும் பழமும் மலச்சிக்கலைக் குறைக்கும். மலம் கறுப்பது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் தார்போல ஒட்டி, நாற்றத்தோடு போனால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்றொரு பேச்சு உண்டு. அது சரியல்ல. கடும் சோகையோடு பிரசவத்துக்குப் போகும் தாய்க்கு இரத்தப்போக்கு ஏற்பட்டால் அதுவே உயிருக்கு ஆபத்து. ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரையை வீசாமல், குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது தோட்ட வைத்திய உதவியாளரிடம் சொல்லுங்கள், வழியுண்டு. சோகைக்குச் சிகிச்சை பெறுவோர் தெம்பு வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. ஈமோகுளோபின் சரியான பின்னும் உடம்பின் சேமிப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பதுளை டவுன் பார்மசிகளில் பல விற்றமின் சேர்ந்த குளிசைகளும் டொனிக்குகளும் விற்கப்படுகின்றன. அவை சாப்பாட்டுக்கு ஈடாகா. சிலவற்றில் இரும்பு மிகக் கொஞ்சமே இருக்கும். கர்ப்பகாலத்தில் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் கருவைப் பாதிக்கும். எனவே கிளினிக் மாத்திரையோடு வேறெதையும் கேட்காமல் சேர்க்க வேண்டாம்.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. தலசீமியா என்னும் பரம்பரை நோய் ஊவாவிலும் உண்டு. பதுளை வைத்தியசாலையில் அதற்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நோயாளருக்கு உடம்பில் இரும்பு மிதமிஞ்சிச் சேருவதே ஆபத்து. ஆகவே இரத்தத்தைச் சோதிக்காமல் மாதக்கணக்கில் இரும்பு சாப்பிடுவது தகாது.

இன்னொன்று: சிறு பிள்ளை இனிப்பென்று எண்ணி இந்த மாத்திரைகளைப் பல விழுங்கினால் உயிரே போகலாம். ஒற்றை அறை லயத்திலும் கைக்கெட்டாத உயரத்தில் மூடிவைக்க ஓர் இடம் தேடுங்கள். அப்படி விழுங்கிவிட்டால், பிள்ளை நன்றாயிருப்பதாகத் தோன்றினாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கணவன்மாரும் மாமிமாரும் ஓர் உதவி செய்யலாம். மாத்திரை எடுத்தாயா என்று இரவில் ஒருமுறை கேளுங்கள். தேத்தண்ணிக் கோப்பையைச் சற்றுப் பிந்திக் கொடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.