மருந்தில்லாத் துப்பாக்கி

நியூயார்க் நகரின் நடுவே சென்ட்ரல் பார்க் என்னும் பெரும் பூங்கா ஒன்று உண்டு. 1780-ஆம் ஆண்டில் அந்நகரை ஒட்டி ஓடும் கிழக்காற்றில் மூழ்கிய 'ஹுசார்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்த பீரங்கி ஒன்று அப்பூங்காவில் நெடுங்காலம் காட்சிப் பொருளாக இருந்தது. பின்னர் அதை எடுத்து ஒரு கிடங்கில் வைத்திருந்தார்கள். 2013-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பூங்காவின் பணியாளர்கள் அதன் துருவை நீக்க முற்பட்டனர். உள்ளே ஒரு குண்டும், அதற்குப் பின்னால் ஏறத்தாழ 800 கிராம் வெடிமருந்தும் இருக்கக் கண்டு திடுக்கிட்டனர். காவல்துறையின் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து மருந்தை அகற்றினார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்தப் பீரங்கி கெட்டித்தபடியே இருந்திருக்கிறது. அதைக் கண்டு போனவர்களுள் ஒருவரேனும் அதனுள் உயிர் இருக்கிறது என்று எண்ணியிருப்பாரா?

வாய் வழியாகக் கெட்டிக்கும் ஆயுதங்களுக்கு உள்ள பெருங்குறை இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தோட்டாவைச் செருகும் இக்காலத் துப்பாக்கியைத் திறந்து பார்த்துவிடலாம். வாய்வழித் துப்பாக்கிக்கு அடிப்பக்கம் மூடியிருக்கும். திறந்திருப்பது வாய் ஒன்றே. அந்த வாயைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதோ, உயிரோடு சூதாடுவதற்கு ஒப்பாகும்.

மேலே சொன்ன பீரங்கியில், மருந்து இருப்பதை மனிதர் மறந்தனர். இதற்கு நேர்மாறான மறதியும் உண்டு. மருந்து இட மறந்துவிட்டுக் குண்டை மட்டும் உள்ளே தள்ளிவிடுவது அது. இன்று நான் விளக்க எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. மருந்தில்லாத துப்பாக்கியால் என்ன தீங்கு நேர்ந்துவிடும் என்று நேயர்கள் கேட்கலாம். தீங்கு அந்த மறதியில் இல்லை. அதைத் திருத்தப் புகும் அவசரத்தில்தான் இருக்கிறது.

முதலில் துப்பாக்கியைக் கெட்டிக்கும் முறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். குழலின் வாய் வழியாக அளந்த மருந்தைக் கொட்டுவார்கள். இந்த மருந்து, வெடியுப்பு நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கும், கரி பதினைந்து பங்கும், கந்தகம் பத்துப் பங்கும் சேர்ந்த கருமருந்து. அதன்மேல், எண்ணெய் தடவிய ஒரு சிறு துணித்துண்டில் ஈயக்குண்டை வைத்து, நீண்ட கோலால் அடிவரை இறுகத் தள்ளுவார்கள். பின்னர் அடிப்பக்கத்தில் உள்ள சிறு குமிழில் கேப்பைப் பொருத்துவார்கள். விசையை இழுத்தால் குதிரை விழுந்து கேப்பை அடிக்கும். கேப்பின் பொறி குமிழின் துளை வழியே சென்று மருந்தைப் பற்ற வைக்கும். கேப்பு வழக்கத்திற்கு வருமுன் சக்கிமுக்கிக் கல்லே அந்த வேலையைச் செய்தது. கல்லின் பொறி, பக்கத்திலுள்ள சிறு கிண்ணியில் இட்ட மருந்தைக் கொளுத்த, அந்த நெருப்பு தீத்துளை வழியாக உள்ளே போகும்.

மருந்து, குண்டு, கேப்பு என்னும் இந்த வரிசையைச் சிறு பிள்ளையும் மனப்பாடம் செய்துவிடும். ஆனால், மருந்தை அளக்கும் வேளையில் ஒருவர் வந்து குசலம் விசாரித்தால் போதும். பேசி முடித்துக் கை மீண்டும் வேலையைத் தொடங்கும்போது, அது விட்ட இடத்தில் தொடங்குவதில்லை. ஒரு படியைத் தாண்டிவிடுகிறது.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ஆம் ஆண்டு ஜூலை முதல் மூன்று நாட்களும் பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் என்னுமிடத்தில் கடும் போர் நிகழ்ந்தது. போருக்குப் பின் களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சோதித்தார்கள். அவற்றுள் சுமார் 24,000 துப்பாக்கிகள் கெட்டித்த நிலையிலேயே இருந்தன. ஏறக்குறைய அவற்றில் பாதியில் இரண்டு தடவை கெட்டித்த மருந்தும் குண்டும் இருந்தன. சிலவற்றில் குண்டு அடியிலும் மருந்து அதன் மேலும் இருந்தன. வேறு சிலவற்றில், மருந்தும் குண்டும் சேர்த்துச் சுற்றிய காகிதப் பொட்டணத்தைக் கிழிக்காமல் அப்படியே உள்ளே தள்ளியிருந்தார்கள். ஒரு துப்பாக்கியில் மட்டும் இருபத்து மூன்று முறை கெட்டித்திருந்ததாகக் கணக்கு. பயிற்சி பெற்ற படைவீரர்களின் கைகள் செய்த பிழைகள் இவை. சுற்றிலும் முழங்கிய ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளின் ஓசையில், தம் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பதையே அவர்களுள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

இன்று போர்க்களத்தில் வாய்வழித் துப்பாக்கிக்கு இடமில்லை. எனினும் அது வழக்கொழிந்து போகவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இத்தகைய துப்பாக்கிகளுக்கென்றே தனி வேட்டைப் பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். இலக்கு நோக்கிச் சுடும் போட்டிகளும் பல நாடுகளில் நடைபெறுகின்றன. நம் நாட்டிலும் உரிமம் பெற்று நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போர் உண்டு. ஆகவே இந்த மறதியும் வழக்கொழியவில்லை.

விசையை இழுத்தாயிற்று, கேப்பு மட்டும் 'டப்'பென்று ஒலித்தது, துப்பாக்கி வெடிக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

முதலாவது, எதுவும் செய்யக்கூடாது. தீபாவளியன்று திரி எரிந்து முடிந்தும் வெடிக்காத பட்டாசைக் குனிந்து பார்க்கப் போன சிறுவனைப் பெரியவர்கள் ஏன் இழுத்துப் பிடிக்கிறார்கள்? உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருக்கலாம் என்பதால் அல்லவா? துப்பாக்கியிலும் அப்படியே. மருந்தே இல்லாத துப்பாக்கியும், ஈரித்த மருந்து மெல்லக் கனலும் துப்பாக்கியும் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே மருந்து இட மறந்தோம் என்று மனம் உறுதியாகச் சொன்னாலும், குழலின் வாய் ஆளில்லாத திசையையே நோக்கியிருக்க, குறைந்தது ஒரு நிமிடம், கூடுமானால் இரண்டு நிமிடம் அசையாமல் காத்திருக்க வேண்டும். பின்னர் புதிய கேப்பைப் பொருத்தி மீண்டும் ஒரு முறை சுட்டுப் பார்க்கலாம். அப்போதும் வெடிக்காவிடில் மறுபடியும் காத்திருந்து, கேப்பைக் கழற்றிவிட வேண்டும். கல் துப்பாக்கியாயின் கிண்ணியிலுள்ள மருந்தைக் கொட்டித் துடைத்துவிட வேண்டும். பற்றவைக்கும் பொருள் வெளியே இருக்கும்வரை அடுத்த வேலையைத் தொடங்கலாகாது.

இரண்டாவது, நினைவைக் கேட்காமல் கோலைக் கேட்க வேண்டும். அறிந்தவர்கள் கெட்டிக்கும் கோலில் முன்கூட்டியே இரண்டு கோடுகள் இட்டு வைத்திருப்பார்கள். வெறுங்குழலில் கோல் எதுவரை இறங்கும் என்பதை ஒரு கோடு காட்டும்; முறையாக மருந்தும் குண்டும் இட்ட குழலில் எதுவரை இறங்கும் என்பதை மற்றொரு கோடு காட்டும். அரை அங்குல விட்டமுள்ள குழலில், வழக்கமாக இடும் நாலரைக் கிராம் மருந்து சுமார் மூன்றரை சென்டிமீட்டர் உயரம் நிற்கும். குண்டின் உயரமோ ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். கோல் மேற்கோட்டளவில் நின்றால் உள்ளே மருந்து இருக்கிறதென்று கொள்ள வேண்டும். வெறுங்குழலின் கோட்டைவிட ஒரு குண்டின் உயரமே குறைந்து நின்றால், உள்ளே குண்டு மட்டுமே இருக்கிறது. கோலை இறக்கும்போதும் எடுக்கும்போதும் முகமும் நெஞ்சும் குழல்வாய்க்கு நேரே வரலாகாது. கையும் அதன்மேல் மூடியிருக்கலாகாது.

இனி, குண்டை வெளியேற்றும் வழிகளைக் காண்போம்.

முதல் வழி, மறந்துபோன மருந்தைப் பின்வாசல் வழியாக அனுப்புவது. குமிழைத் திருகிக் கழற்றி, அதன் துளை வழியே நுண்ணிய கருமருந்தைச் சிறிது சிறிதாக உள்ளே தட்டி இறக்க வேண்டும். அரைக் கிராம் போதும். குண்டை வெளியே தள்ளுவதே நோக்கம். இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை ஒருபோதும் இடலாகாது. அது குழலையே பிளந்துவிடும். மருந்தை இட்டபின் குமிழைப் பொருத்தி, கோலால் குண்டை மீண்டும் அடிவரை அழுத்தி வைக்க வேண்டும். குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும். பிறகு கோலை மறவாமல் வெளியே எடுத்துவிட்டு, கேப்பைப் பொருத்தி, மண்மேட்டை நோக்கிச் சுட வேண்டும். வேகம் குறைவு என்றாலும் புறப்படுவது குண்டுதான். அது பாதி வழியில் நின்றுவிட்டால், அடுத்த முயற்சிக்குமுன் மறுபடியும் அடிவரை தள்ளியாக வேண்டும்.

இரண்டாவது வழி, அழுத்தி அடைத்த கரியமில வாயுவைக் குமிழின் வழியே செலுத்துவது. இதற்கென்று கைக்கு அடக்கமான சிறு கருவி உண்டு. நெருப்பில்லாத முறையாகையால் பலர் இதையே விரும்புகிறார்கள். ஆனால் வாயுவின் வேகத்தில் குண்டு பாய்ந்து வெளியேறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி மிகப் பழையது. கோலின் நுனியில் கூர்மையான திருகு ஒன்றைப் பொருத்தி, மென்மையான ஈயக்குண்டினுள் முறுக்கி இறக்கி, குண்டை இழுத்து எடுப்பது அது. இதற்கு முன் குமிழின் துளை வழியே தாராளமாக நீரை ஊற்றிவிட வேண்டும். ஒருகால் உள்ளே மருந்து இருப்பினும் அதிலுள்ள வெடியுப்பு நீரில் கரைந்து மருந்து செயலற்றுப் போகும். மரக்கோல் இழுக்கும்போது முறிந்து உள்ளங்கையைக் குத்திவிடக்கூடும். ஆதலால் குறுக்குப்பிடி உள்ள உலோகக் கோலே ஏற்றது. அந்தப் பிடியை ஒரு தூணிலோ மரத்திலோ உறுதியாகக் கட்டிவிட்டு, துப்பாக்கியைப் பின்னோக்கி இழுத்தால் குழல்வாய்க்கு எதிரே எவரும் நிற்க நேராது.

புதுவகை வாய்வழித் துப்பாக்கிகள் சிலவற்றில் அடிமூடியைத் திருகிக் கழற்றிவிடலாம். அவற்றில் குண்டைக் கோலால் மறுபுறம் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது.

செய்யத் தகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். குண்டின்மேல் மருந்தைக் கொட்டிச் சுட முயலுவது அறியாமை. குழலைச் சூடாக்கி ஈயத்தை உருக்கி எடுக்கலாம் என்று எண்ணுவது பேரறியாமை. துளையிடும் இயந்திரத்தை உள்ளே செலுத்துவதும் அத்தகையதே. இன்னொன்றையும் கருத வேண்டும். நீர் பட்ட மருந்து என்றென்றைக்கும் செத்துவிடுவதில்லை. கரைந்த வெடியுப்பு குழலை விட்டு வெளியேறாமல் உள்ளேயே உலர்ந்துவிட்டால், அந்த மருந்து மீண்டும் பற்றக்கூடும். ஆகவே நனைத்த துப்பாக்கியை அப்படியே மூலையில் சாத்திவிட்டுப் போகக்கூடாது. குண்டை எடுத்து, உள்ளிருப்பதைக் கழுவி வெளியேற்றிய பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

நம் ஊர்களில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து பாட்டன் காலத்துத் துப்பாக்கி கிடைப்பதுண்டு. மேலே சொன்ன முறைகள் எவையும் அதற்குப் பொருந்தா. அதைக் கெட்டித்தவர் யார், எத்தனை முறை கெட்டித்தார், என்ன மருந்தை இட்டார் என்று சொல்ல எவரும் இல்லை. துருவேறிய அதன் குழல் சிறு வெடிப்பையும் தாங்காமல் போகலாம். அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துக் காவல்நிலையத்துக்கு அறிவிப்பதே முறை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம். உரிமம் உள்ளவர்களும் ஐயம் ஏற்பட்டால் அரசின் அனுமதி பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்போரிடம் கொண்டு செல்வதே நலம்.

மறதியைக் குறைக்கும் வழி எளியது. கெட்டிக்கும்போது பேசக்கூடாது, பேச நேர்ந்தால் கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டு, கோலை இட்டு அளந்து பார்த்த பிறகே தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் குண்டைத் தள்ளியதும் கோலின் கோட்டைப் பார்க்கும் பழக்கம் இருந்தால், மருந்தில்லாக் குண்டு அப்போதே தெரிந்துவிடும்.

மறப்பது மனித இயல்பு. கெட்டிஸ்பர்க்கில் உயிருக்குப் போராடிய வீரனும் மறந்தான். அமைதியான பூங்காவில் பீரங்கியைக் காத்தவர்களும் மறந்தார்கள். மறந்தவனை எவரும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் மறந்ததை உணர்ந்த பின்னும் தன் நினைவையே நம்பி, "உள்ளேதான் மருந்தில்லையே" என்று குழல்வாய்க்கு எதிரே நிற்கிறானே, அவனுக்குத்தான் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை. வெடிக்காத துப்பாக்கியும் கெட்டித்த துப்பாக்கிதான். அது வெறுமை என்று கோல் சொல்லட்டும். நாம் சொல்ல வேண்டாம்.