பகிர்மான வலையமைப்பின் விலையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும்: திருவாலங்காட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: மின்சாரச் சட்டம் 2003, ஒழுங்குமுறை ஆணையம், வீலிங் கட்டணம், கருத்துக் கேட்பு, பம்புசெட்டு மின்சாரம்

மின் கட்டணம் என்று நாம் ஒரே சொல்லால் சுட்டுவது இரு விலைகளின் கூட்டாகும். ஒன்று மின்சாரத்தின் விலை. மற்றொன்று, அதனைத் துணைமின் நிலையத்திலிருந்து நுகர்வோரிடம் கொண்டுசேர்க்கும் கம்பி, மின்மாற்றி, பணியாளர் ஆகியவற்றுக்கான விலை. பின்னதே பகிர்மான வலையமைப்பின் விலை. துறை வழக்கில் வீலிங் கட்டணம். இதன்மீது கருத்துரைக்கும் உரிமை நடைமுறையில் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை, திருத்தணி வட்டத்துத் திருவாலங்காட்டை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டம் தரும் இடம்

மின்சாரச் சட்டம் 2003-இன் 62ஆம் பிரிவு, வீலிங் கட்டணத்தையும் சில்லறை விற்பனைக் கட்டணத்தையும் தனித்தனி இனங்களாகக் குறிக்கிறது. 64ஆம் பிரிவின்படி மனுவின் சுருக்கம் வெளியிடப்பட வேண்டும். பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்து ஆணையம் 120 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022 ஜூலையில் மனு அளிக்கப்பட்டது. ஆகஸ்டு 16, 18, 22 ஆகிய நாட்களில் முறையே கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. செப்டம்பர் 9 அன்று ஆணை வெளியாகி மறுநாளே நடைமுறைக்கு வந்தது. மின் செலுத்துகைக்குத் தனி ஆணை பிறந்தது. பகிர்மான வலையமைப்பின் விலையோ, உற்பத்தி, சில்லறைக் கட்டணம் ஆகியவற்றோடு ஒரே ஆணைக்குள் அடங்கியது. வீட்டுக் கட்டண உயர்வைப் பேசவே நேரம் போதாத அரங்கில் கம்பியின் விலையைப் பிரித்துக் கேட்போர், வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் பெருந்தொழில் நிறுவனங்களாகவே பெரும்பாலும் இருக்க முடியும்.

அவ்வாணை 2026–27 வரை ஐந்தாண்டுகளுக்கு உரியது. இடையில் ஆண்டுதோறும் ஜூலையில், நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 விழுக்காடு, இவற்றுள் குறைந்த அளவுக்குக் கட்டணம் உயரும். 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025இல் 3.16 விழுக்காடு உயர்வுகள் புதிய கருத்துக் கேட்பு இன்றியே வந்தன. 2022 ஆகஸ்டில் எழுப்பப்படாத கேள்விக்கு ஐந்தாண்டுகள் இடமில்லை என்பதே இதன் பொருள்.

எல்லைக்கு அப்பால்

திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே ஆந்திரத்துடன் ஒப்பிடுவது இங்கு வலிந்து செய்வதன்று. அருகிலுள்ள நகரிக்கு மின்சாரம் வழங்குவது திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல மின் பகிர்மான நிறுவனம். அங்கே கம்பித் தொழிலும் விற்பனைத் தொழிலும் கணக்கில் பிரிக்கப்பட்டுள்ளன. சில்லறைக் கட்டண மனு ஆண்டுதோறும் வருகிறது, வீலிங் கட்டணத்துக்கு ஐந்தாண்டுக்கொரு முறை தனி ஆணை உண்டு. தனி மனு இருப்பதால் மட்டும் உழவர் வந்து பேசிவிடுவார் என்று சொல்லிவிட இயலாது. ஆயினும் கேள்வி கேட்கக் கணக்கு தனியே கிடைக்கிறது.

மீட்டர் இல்லாத பம்புசெட்டு

திருத்தணிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கும் ஊர் திருவாலங்காடு, சுற்றிலும் கரும்பு. தமிழ்நாட்டில் வேளாண் மின்சாரம் 1984 முதல் சிறு உழவர்க்கும் 1990 முதல் அனைவருக்கும் இலவசம். கட்டணத்தை 65ஆம் பிரிவின்கீழ் அரசு மானியமாகச் செலுத்துகிறது. தமக்குக் கட்டணமே இல்லாதபோது கருத்துக் கேட்புக்கு ஏன் போக வேண்டும் என உழவர் எண்ணுவது இயல்பே.

ஆனால் வலையமைப்பின் திறனை மதிப்பிடும் முதன்மை அளவுகோல் மின்னிழப்பு. கம்பியில் நுழைந்த மின்சாரத்திலிருந்து நுகர்வோர் பயன்படுத்தியதைக் கழித்தால் கிடைப்பது அது. பெரும்பாலான இலவச இணைப்புகளில் மீட்டர் இல்லாமையால் அவற்றின் நுகர்வு குதிரைத்திறனையும் மாதிரி அளவீடுகளையும் கொண்டு மதிப்பிடப்படுகிறது. இம்மதிப்பீடு உயர்ந்தால் மானியக் கோரிக்கை உயரும். காகிதத்தில் இழப்பு குறையும். பழைய மின்மாற்றியிலும் நீண்ட தாழ்வழுத்தக் கம்பியிலும் வீணாவது உழவரின் பெயரில் எழுதப்பட வாய்ப்புண்டு. அவ்வாறு எழுதப்படுகிறதா என்பதைச் சோதிக்க வல்ல சாட்சி, தம் மோட்டார் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடியது, மின்னழுத்தம் எப்போது சரிந்தது என்று அறிந்த உழவரே. அவரோ அரங்கில் இல்லை. விரிவான மனுவும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

2027 ஏப்ரலுக்குப் பிந்தைய காலத்துக்கான மனு வரும்போது, வேளாண் மின்பாதை ஒவ்வொன்றின் மாதிரி அளவீடும் வட்டவாரியாகத் தமிழில் இணைக்கப்பட வேண்டும் என 64ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபம் எழுப்பலாம். எழுத்து வழி ஆட்சேபத்துக்குச் சென்னை வரை செல்ல வேண்டியதில்லை.