கையில் டெலி லென்ஸ் ரெடி… குறைந்த பட்ஜெட்டில் கேமரா பாடியைத் தேர்வு செய்வது எப்படி?

ஜனவரி மாதக் காலை, கூந்தன்குளம் குளக்கரை. இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் தண்ணீரோரம் கூட்டமாக நிற்கின்றன. செல்போனில் ஜூம் செய்தால் தெரிவது என்னவோ சில சாம்பல் புள்ளிகள்தான். 'ஒரு டெலி லென்ஸ் வாங்கிடணும்' என்ற ஆசை பலருக்கும் இங்கேதான் வருகிறது.

நெல்லையிலிருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில், நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் இந்த ஊரின் குளம் 1994-ல் பறவைகள் சரணாலயமானது. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. படம் எடுக்கப் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை பட்ஜெட்தான்.

நண்பர் விற்ற 70-300 லென்ஸோ, செகண்ட் ஹேண்டில் வந்த 150-600 லென்ஸோ கையில் இருக்கிறது. அதற்கு எந்த பாடி வாங்குவது?

ஃபுல் ஃப்ரேம் வேண்டாமா?

'ஃபுல் ஃப்ரேம்தான் பெஸ்ட்' என்று கடையில் சொல்வார்கள். கல்யாண மண்டபத்துக்கு அது சரி. தூரத்துப் பறவைக்கு ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார்தான் லாபம்.

கேனன் ஏபிஎஸ்-சி பாடியில் 400 எம்எம் லென்ஸ் மாட்டினால், 640 எம்எம் போட்டது போலக் காட்சி நெருங்கித் தெரியும். நிகான், சோனியில் அது 600. உதாரணத்துக்கு, மலிவாகக் கிடைக்கும் பழைய ஃபுல் ஃப்ரேம் கேனன் 6டி-யில் எடுத்த படத்தை இதே அளவுக்கு வெட்டினால், 20 மெகாபிக்சலில் மிஞ்சுவது 8 மெகாபிக்சல் மட்டுமே.

மெகாபிக்சல் எவ்வளவு தேவை?

24 போதும். அது 6000 x 4000 பிக்சல் படம். நீள அகலத்தில் பாதியாக வெட்டினாலும் 3000 x 2000 மிச்சம் இருக்கும். இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலமே போதும். 10 அங்குல அகலத்தில் பிரின்ட் போட்டாலும் தெளிவாகவே வரும்.

அப்போ எதைப் பார்க்கணும்?

ஃபோகஸையும் வேகத்தையும். கேனன் 1500டி-யில் 9 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 3 படங்கள். 2016-ல் வந்த 80டி-யில் 45 புள்ளிகள், நொடிக்கு 7 படங்கள். இரண்டுமே 24 மெகாபிக்சல்தான். ஆனால் கூழைக்கடா இறக்கையை விரித்துத் தண்ணீரில் இறங்கும் அந்த ஒரு நொடியில் வித்தியாசம் தெரிந்துவிடும். நிகானில் டி7200 (51 புள்ளிகள், நொடிக்கு 6 படங்கள்) இதே ரகம்.

கேனனும் நிகானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை. அதனால்தான் இவை செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன.

புதுசாகவே வேண்டும் என்றால் மிரர்லெஸ். கேனன் ஆர்50 பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். அதைவிட மலிவான ஆர்100-ல் மனித முகத்துக்கு மட்டும்தான் அந்த வசதி. விலை வித்தியாசத்தைப் பார்த்து இங்கே ஏமாறக் கூடாது. நிகானில் இசட்50 மார்க் 2 மாடலில் பறவைகளுக்கென்றே தனி மோட் உண்டு.

லென்ஸ் பொருந்துமா?

பலர் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். கேனனின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர்50-ல் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிகானில் கவனம் தேவை. 'ஏஎஃப்-டி' ரக பழைய லென்ஸுக்கு பாடிக்குள் மோட்டார் இருக்க வேண்டும். டி7200-ல் இருக்கிறது. டி3500, டி5600-ல் இல்லை. கையால்தான் ஃபோகஸ் செய்யணும். லென்ஸ் பெயரில் 'ஏஎஃப்-எஸ்' என்று இருந்தால் கவலையில்லை.

மேலே சொன்ன எந்த பாடியிலும் ஆட்டத்தைக் குறைக்கும் சென்சார் வசதி கிடையாது. அந்த வேலையை லென்ஸ்தான் செய்யணும். கேனன் லென்ஸில் 'ஐஎஸ்', நிகானில் 'விஆர்' எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான கேனன் 75-300-ல் அது இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது…

• ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். 80டி-க்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 1 லட்சம், டி7200-க்கு 1.5 லட்சம்.

• உங்கள் லென்ஸையும் மெமரி கார்டையும் எடுத்துப் போங்கள். கடை வாசலில் ஓடும் பைக்கைத் தொடர்ச்சியாக எடுத்து, வீட்டில் பெரிதாக்கிப் பாருங்கள்.

• ஒரிஜினல் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

• சந்தேகமா? தெரிந்த கல்யாண போட்டோகிராபரிடம் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளத்தைப் போடுவதற்கு முன் இந்தச் சின்னச் செலவு நல்லது.

கேமராவால் முடியாதது

வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேலே கானல் அலையும். எவ்வளவு விலை கேமராவாக இருந்தாலும் தூரத்துப் பறவை கலங்கலாகத்தான் வரும். விடிந்ததும் போனால் 80டி போதும். நண்பகலில் போனால் எதுவும் போதாது.

இன்னொன்று, லென்ஸ் எட்டவில்லையே என்று கூட்டுக்கு அருகே நெருங்கிப் போவது. தாய்ப்பறவை பயந்து எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் காயும், காகத்துக்கு இரையாகும். கூடுகளைக் கலைப்பதை 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற விளக்கத்துக்குள்தான் வைத்திருக்கிறது. கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் அதைத் தொந்தரவு செய்வதில்லை. வெளியூரிலிருந்து கேமராவோடு போகிறவர்களுக்கும் அதே வழக்கம்தான். படம் சின்னதாக வந்தாலும் பரவாயில்லை, கரையிலேயே நின்று எடுங்கள்.