கடவுள் அறியச் சொல்லப்படும் பொய்: இறைநம்பிக்கை அறத்தைத் தருகிறதா?

சில ஆண்டுகளுக்கு முன், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கொன்றில் பாதிக்கப்பட்டோர் தரப்புக்காக அரசு வழக்குரைஞருக்கு உதவியாக அமர்ந்திருந்தேன். கோயில் திருவிழாவில் பறையடிக்க மறுத்த இளைஞரை ஊர் நடுவே கட்டிவைத்து அடித்த வழக்கு அது. அதை நேரில் பார்த்த முதியவர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர். காவல்துறை விசாரணையின்போது நடந்ததை மறைக்காமல் சொன்னவர். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த அவர், கடவுள் அறிய உண்மையைச் சொல்வதாக உறுதிகூறினார். அடுத்த நிமிடமே, சம்பவ நாளில் தாம் ஊரிலேயே இல்லை என்றார்.

மதிய இடைவேளையில் நீதிமன்ற வாசல் தேநீர்க் கடையில் அவரே என்னிடம் வந்து பேசினார். "சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவேன் வக்கீலம்மா. ஊருகிட்ட கேக்க முடியாது."

இறைநம்பிக்கையுள்ளவர் நாத்திகரைவிட ஒழுக்கமானவரா என்ற கேள்வி கல்லூரிக் கருத்தரங்குகளில் அடிக்கடி எழுகிறது. அப்போதெல்லாம் எனக்கு அந்த முதியவரே நினைவுக்கு வருகிறார். அவருக்கு நம்பிக்கை குறைவு என்று நான் கருதவில்லை. கடவுள் பார்க்கிறார் என்பதை அவர் உண்மையாகவே நம்பினார். ஆனால் கடவுள் அவரை ஊரைவிட்டுத் தள்ளிவைக்க மாட்டார்.

சட்டம் நெடுங்காலம் வேறுவிதமாக நம்பியது. சாகும் தறுவாயில் இருப்பவர் பொய்யோடு தம்மைப் படைத்தவர் முன் செல்லத் துணியமாட்டார் என்ற கருத்தே மரண வாக்குமூலத்தை ஏற்பதற்கு ஆங்கிலச் சட்டம் சொன்ன காரணம். கடவுள் பெயரால் ஆணையிடாதவரின் சொல்லை நம்பலாகாது என்றும் அது கருதியது. 1880இல் பிரிட்டன் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாத்திகரான சார்லஸ் பிராட்லா, இந்த உறுதிமொழிச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் அவையில் அமர முடியாமல் போராடினார். 1888இல்தான் கடவுள் பெயரின்றி உறுதிகூறும் உரிமை அங்கே சட்டமானது.

இந்தியாவில் இன்று நடைமுறையிலிருப்பது 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிகள் சட்டம். சாட்சி கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதிகூறலாம். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. (திரைப்படங்களில் வருவதுபோல் கீதையைத் தொட்டுச் சத்தியம் செய்யும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் இல்லை.) உறுதிமொழி எடுக்கத் தவறினாலும் சாட்சியம் செல்லாததாகிவிடாது என்று அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகிறது. நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னால் ஏழாண்டு வரை சிறை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 193ஆம் பிரிவில் இருந்த அந்தத் தண்டனை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவில் இருக்கிறது. பொய் சொன்னவர் எந்த வடிவத்தில் உறுதிகூறினார் என்பதை அப்பிரிவு பார்ப்பதில்லை.

அரசமைப்பு அவையிலும் இந்தக் கேள்வி எழுந்தது. முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக 41 வாக்குகளும் எதிராக 68 வாக்குகளும் விழுந்தன. ஆகவே நம் முகப்புரை மக்களிடமிருந்தே தொடங்குகிறது.

சட்டம் விலகிவந்த அந்த நம்பிக்கையிலிருந்து சமூகம் விலகவில்லை. பியூ ஆய்வு மையம் 34 நாடுகளில் நடத்தி 2020இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், ஒழுக்கமாக வாழக் கடவுள் நம்பிக்கை அவசியம் என்று இந்தியாவில் 79 விழுக்காட்டினர் கூறினர். சுவீடனில் அப்படிக் கூறியவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. 2017இல் வெளியான வேறோர் ஆய்வு இந்தியா உள்ளிட்ட 13 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டது. கொடூரமான தொடர்கொலைகள் செய்த ஒருவனைப் பற்றிய குறிப்பைக் கொடுத்துக் கேட்டபோது, அவன் ஆத்திகனாக இருப்பதைவிட நாத்திகனாக இருப்பதற்கே ஏறத்தாழ இருமடங்கு வாய்ப்புண்டு என மக்களின் உள்ளுணர்வு கூறியது. நாத்திகர்களிடமும் அதே சாய்வு காணப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

உண்மையான நடத்தை எப்படி இருக்கிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேரிடம், அன்றாடம் தாங்கள் செய்த, பார்த்த, கேட்ட நல்ல செயல்களையும் தீய செயல்களையும் கைபேசி வழியே உடனுக்குடன் பதியச் சொன்னார்கள். 2014இல் வெளியான அதன் முடிவில், மதப்பற்றுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே அச்செயல்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இங்கே நம் தோழர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மதப்பற்றுள்ள குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஈகைக்குணம் குறைவு என்று 2015இல் வெளியான ஆய்வைப் பகுத்தறிவுக் குழுக்கள் பரவலாகப் பகிர்ந்தன. நானும் பகிர்ந்தேன். நாடுகளைப் பற்றிய தரவைக் கணக்கில் கொண்டதில் நேர்ந்த பிழை வெளிப்பட்டு, 2019இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மேடையில் அதை இன்னும் எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. நமக்குப் பிடித்த முடிவைத் தருகிறது என்பதற்காக ஒரு பிழையைச் சுமக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்விட நமக்குப் பயன்படும் ஆய்வு 2016இல் வந்தது. பிரேசில், பிஜி, வனுவாட்டு, மொரிசியசு, தான்சானியா, சைபீரியா ஆகிய இடங்களில் எட்டுச் சமூகங்களைச் சேர்ந்த 591 பேர் பங்கேற்றனர். தனியே அமர்ந்து பகடை உருட்டி, விழும் நிறத்துக்கேற்ப 30 நாணயங்களை இரண்டு குவளைகளில் போட வேண்டும். ஒரு குவளை தமக்கு அல்லது தம் ஊராருக்கு. மற்றது தொலைவில் வாழும் தம் மதத்தாருக்கு. யாரும் பார்ப்பதில்லை என்பதால் ஏமாற்றுவது எளிது. தம் கடவுள் எல்லாவற்றையும் அறிகிறார், தவறு செய்தால் தண்டிக்கிறார் என்று நம்பியவர்கள் முகமறியாத அந்தத் தொலைவிடத்தாருக்கும் கூடுதல் நேர்மையோடு நாணயங்களைப் போட்டார்கள்.

ஆகவே நம்பிக்கை எதையும் செய்வதில்லை என்று சொல்லிவிட முடியாது. அது நேர்மையின் எல்லையை ஊருக்கு அப்பாலும் விரிக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் குவளையின் மறுபக்கம் இருந்தவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அவரும் அதே மதத்தவர். வட்டம் பெரிதானாலும் அது வட்டமாகவே இருக்கிறது.

அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் தொடும் இடம் இதுதான். அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த அந்த நூல், கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்காடலோடு நின்றுவிடவில்லை. திருடர்களுக்கிடையிலும் ஒரு நாணயம் உண்டு, வணிகர்களுக்கும் ஒரே சாதியாருக்கும் இடையிலும் உண்டு என்கிறார் அவர். அது குழுவின் நலனைக் காக்கும் ஒழுக்கம். வெளியாரைத் தள்ளிவைப்பதே அதன் இயல்பு. ஒழுக்கம் அனைவருக்கும் பொதுவானதாகவும் புனிதமானதாகவும் ஆகும்போதுதான் வலுவற்றவர் காக்கப்படுவார். மதத்தில் ஒழுக்கம் பின்னால் கோத்துக்கொள்ளப்படும் பெட்டி போன்றது, வேண்டும்போது கழற்றிவிடலாம் என்பதும் அவர் கணிப்பு. தம்மத்தில் கடவுளின் இடத்தில் ஒழுக்கமே அமர்கிறது.

நம் நாட்டில் நிலைமை அந்த ஆய்வு காட்டியதைவிட மோசம். இங்கே வட்டம் மதத்தின் எல்லைவரைகூடச் செல்வதில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற தலித் மக்கள் தாக்கப்பட்டனர். ஜூன் மாதத்தில் கோயிலுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்தனர். உள்ளே செல்ல முயன்றவரும் பக்தர், தடுத்தவரும் பக்தர், அம்மனும் ஒருத்தியே. கிறித்தவத்திலும் இதே கதைதான். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரின் பிணத்தையும் பிற கிறித்தவரின் பிணத்தையும் ஒரு சுவர் பிரித்தது. எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் எழுந்த மோதல், காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் போகும் அளவுக்குச் சென்றது. உயிர்த்தெழுதலில் நம்பிக்கை கொண்டவர்கள், எழும்போதும் தனித்தனியாக எழ வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அப்படியானால் நாத்திகம் வட்டத்தை உடைத்துவிடுமா? உடைத்த நாத்திகர்கள் உண்டு. ஆந்திரத்தின் கோரா பிராமணச் சாதியில் பிறந்தவர். தம் மூத்த மகளைத் தீண்டப்படாதவராகக் கருதப்பட்ட சமூகத்து இளைஞருக்கு மணமுடிக்க முடிவு செய்தார். சேவாகிராமத்தில் அந்த மணம் நடக்க காந்தி இசைந்தார்; கோராவின் நாத்திகத்தை மதித்து, சடங்கில் கடவுளின் பெயருக்குப் பதிலாகச் சத்தியத்தின் பெயரைச் சொல்லவும் ஒப்பினார். காந்தி கொல்லப்பட்டபின், 1948இல் அத்திருமணம் அங்கே நடந்தது. மூடநம்பிக்கைக்கு எதிராக நின்றதற்காக 2013இல் புனேயில் தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். சொர்க்கத்தை எதிர்பார்க்காமல் உயிரை விலையாகக் கொடுத்த மனிதரிடம் அறம் இல்லை என்று எந்த ஆத்திகர் சொல்வார்?

ஆனால் தமிழ்நாட்டின் அனுபவம் நாத்திகத்துக்கு முழுச் சான்றிதழ் தருவதில்லை. 1967இல் நம் சட்டமன்றம், புரோகிதரும் தீயும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவாக ஏற்றது. பகுத்தறிவு இயக்கத்தின் வழிவந்த கட்சியின் மகத்தான சாதனை அது. வழக்குரைஞர்கள் முன்னிலையிலும் அத்தகைய மணம் நடக்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததால், எத்தனையோ சாதிமறுப்பு இணையர்களுக்கு அது இன்றும் கேடயமாக இருக்கிறது. அதே கட்சியின் ஆட்சியில்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கூடுதல் கூலி கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர். இன்றும் கறுப்புச் சட்டை அணிந்து மேடையேறி மனுநீதியைக் கிழிப்பவர், மகளின் வரன் குறிப்பில் சாதிப் பெயரை எழுதுவதைப் பார்க்கிறோம். கடவுளை மறுப்பதற்கு ஒரு தர்க்கம் போதும். சாதியை மறுப்பதற்குச் சொத்தையும் உறவையும் சில வேளைகளில் ஊரையும் இழக்க வேண்டியிருக்கிறது.

தலித் மக்களின் நம்பிக்கையை எள்ளி நகையாடும் பகுத்தறிவிலும் எனக்கு உடன்பாடில்லை. 1898இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோர் அம்பேத்கரோடு பௌத்தம் ஏற்றதும், மூடர்களின் செயல்கள் அல்ல. தங்களை உள்ளடக்கும் ஒரு வட்டத்தை அவர்கள் தாங்களே வரைந்தார்கள்.

நீதிமன்றத்துக்குத் திரும்புவோம். 2015 ஜூன் 23 அன்று கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர், உடன்படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குச் சென்றார். அங்கிருந்து கடத்தப்பட்டார்; பின்னர் அவர் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. ஆணும் பெண்ணும் ஓருடலாக நிற்கும் தெய்வத்தின் வாசலில், ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தது குற்றமானது. உடனிருந்த பெண் பிறழ்சாட்சியானார். உயர் நீதிமன்றம் அழைத்து மீண்டும் விசாரித்தபோதும், காணொளியில் இருப்பது தான் இல்லை என்றார். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. அவர் வாழ வேண்டிய இடம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்ததிலும், 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோருக்கு அதை உறுதிசெய்ததிலும் கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவுக்குப் பெரும்பங்கு உண்டு. கேமராவை ஊரைவிட்டுத் தள்ளிவைக்க முடியாது.

2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது. வேறிடத்தில் குடியமர்த்துதல், பயணச் செலவு, வாழ்க்கைப்படி ஆகியவற்றுக்கு வழி செய்கிறது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களில் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்கலாம். நடவடிக்கைகளைக் காணொளியில் பதிய வேண்டும் என்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும் கைவசம் இருக்கிறது. இவற்றுக்கான மனுவைக் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை தள்ளிப்போடாமல், முதல் தகவல் அறிக்கை பதிவான வாரத்திலேயே கொடுக்க வேண்டும். களத்தில் இருக்கும் மாணவத் தோழர்கள் இதற்கு உதவ முடியும்.

அந்த முதியவருக்காக நாங்கள் அப்படியொரு மனுவைப் போடவில்லை. ஆதிக்கச் சாதிக்காரருக்கு அச்சுறுத்தல் என்ன வந்துவிடும் என்று நினைத்தோம். 15ஏ பிரிவு சாட்சி எந்தச் சாதி என்று கேட்பதில்லை, கேட்டவர்கள் நாங்கள்தான். வழக்கு விடுதலையில் முடிந்தது. தீர்ப்பு வந்த அன்று அவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. அடிபட்ட இளைஞர் வந்திருந்தார். மேல்முறையீட்டுக்கான கால அவகாசம் எத்தனை நாள் என்று கேட்டுத் தம் கைபேசியில் குறித்துக்கொண்டார்.