கலங்கலுக்கு முன் தெளிவு

பெங்களூரின் நர்சிங் கல்லூரிகளில் படிப்பவர்கள் இன்சுலின் பற்றிச் சில விதிகளை மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு வகை இன்சுலினை ஒரே சிரிஞ்சில் எடுப்பதானால் தெளிந்ததை முதலில் இழு, கலங்கலைப் பிறகு இழு. கலங்கல் குப்பியைக் குலுக்காதே, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டு. ரெகுலர் இன்சுலின் போட்டால் அரை மணி கழித்துச் சாப்பாடு. நேற்று குத்திய இடத்தில் இன்று குத்தாதே. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் இவற்றில் ஒன்றுகூட வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மூலக்கூறின் குணமோ உடலின் விசித்திரமோ இருக்கிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். சாப்பாட்டுக்கு முன் பத்து யூனிட் என்பது வார்டில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. பத்து யூனிட்டில் உள்ள இன்சுலினின் எடை சுமார் 0.35 மில்லிகிராம். ஒரு அரிசியை ஐம்பது துண்டாக நறுக்க முடிந்தால் அதில் ஒரு துண்டு ஏறக்குறைய இந்த எடை இருக்கும். அவ்வளவுதான் ஒரு முழுச் சாப்பாட்டின் சர்க்கரையைச் சமாளிக்கிறது.

அது ஏன் மில்லிகிராம் இல்லாமல் யூனிட் ஆனது? 1922 ஜனவரியில் டொரொண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல்முறை இன்சுலின் போட்டபோது, மாட்டுக் கணையச் சாற்றில் உண்மையான மருந்து எவ்வளவு, கசடு எவ்வளவு என்று யாராலும் எடைபோட முடியவில்லை. எனவே முயலை அளவுகோலாக்கினார்கள். பட்டினி போட்ட முயலின் ரத்தச் சர்க்கரையை 100 மில்லிலிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற அளவுக்கு, அதாவது வலிப்பு வரும் எல்லைக்கு, இறக்கும் சாற்றின் அளவை வைத்து யூனிட்டை வகுத்தார்கள். மனிதருக்கு அது அதிகம் என்று தெரிந்ததும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். இன்று சுத்தமான இன்சுலினைத் துல்லியமாக எடைபோட முடிகிறது. ஆனாலும் முயல்கள் தந்த யூனிட் அப்படியே நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் இந்த யூனிட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுக்குள் போடும் மருந்தில் 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு: நாற்பதுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால், கோடு பத்து என்று காட்டும். உடலுக்குள் போவதோ இருபத்தைந்து. இரண்டரை மடங்கு! இவ்வளவு பெரிய தவறைத் தடுக்கும் பொறுப்பை, அடுத்தடுத்து வைத்தால் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்களிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி மூலக்கூறுக்கு வருவோம். இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம். அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டுபிடிக்க ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். நடுவில் வேறு மூலக்கூறுகளுக்காக 1964-இல் நோபல் பரிசே வாங்கிவிட்டார். இன்சுலின் மட்டும் பிடிகொடுக்கவில்லை. 1969-இல் ஒருவழியாக வடிவம் வெளிவந்தபோது, அந்த ஆய்வுக் குழுவில் எம். விஜயன் என்ற இளைஞரும் இருந்தார். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றுப் போனவர். பிறகு அங்கேயே திரும்பி வந்து, இந்தியாவில் புரதப் படிகவியலை வளர்த்தார்.

அவர்கள் கண்டது இது. படிகத்துக்குள் இன்சுலின் தனியாக இருப்பதில்லை. ஆறு மூலக்கூறுகள் துத்தநாக அணுக்களைச் சுற்றிக் கைகோத்து நிற்கின்றன. இதை அறுகூட்டு என்போம்: ஆறு சேர்ந்த ஒரே கட்டு. நம் கணையமும் இன்சுலினை இப்படித்தான் சேமிக்கிறது. குப்பியில் உள்ள தெளிந்த ரெகுலர் இன்சுலினும் பெரும்பாலும் அறுகூட்டாகத்தான் மிதக்கிறது. தோலுக்கு அடியில் செலுத்தியதும் இந்தப் பெரிய கட்டால் ரத்த நுண்குழாய்க்குள் எளிதில் நுழைய முடியாது. சுற்றியுள்ள திரவத்தில் கரைந்து, ஆறு இரண்டிரண்டாகி, இரண்டு ஒன்றாக வேண்டும். அந்த அரை மணி நேரக் காத்திருப்பு இதற்காகத்தான். நோயாளி ஊசி போட்ட கையோடு இட்லியைத் தொட்டால், சர்க்கரை முந்திக்கொள்ளும். மருந்து பின்னால் ஓடிவரும்.

இதைத் தெரிந்துகொண்டதும் விஞ்ஞானிகள் கட்டையே தளர்த்திப் பார்த்தார்கள். 51 அமினோ அமிலங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை மட்டும் இடம் மாற்றினார்கள். மூலக்கூறுகளின் கைப்பிடி தளர்ந்தது. லிஸ்ப்ரோ பிறந்தது. இதைப் போட்டால் பதினைந்து நிமிடத்துக்குள் சாப்பிடலாம்.

மருந்தை மெதுவாக்கும் கதை இன்னும் வேடிக்கையானது. 1936-இல் டென்மார்க்கின் ஹாகடோர்ன், மீனின் விந்தணுவிலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தார். விந்தணுவுக்குள் மரபுப்பொருளை இறுக்கிச் சுருட்டி வைப்பது அதன் வேலை. அதற்கு நேர் மின்னேற்றம். இன்சுலினுக்கு எதிர் மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு நுண்துகள்களாகப் படிகின்றன. இந்த வழியில் பின்னர் வந்ததே என்பிஎச் எனும் கலங்கல் இன்சுலின். துகள்கள் தோலடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால் மருந்து பல மணி நேரம் நீடிக்கிறது.

குப்பியை உருட்டும் விதிக்கும் இதுவே காரணம். அசையாமல் வைத்த குப்பியில் துகள்கள் அடியில் தங்கிவிடும். மேலே இருப்பதை இழுத்தால் மருந்து குறைவு, கடைசியில் இழுத்தால் அதிகம். வேகமாகக் குலுக்கினாலோ நுரை பொங்கும், குமிழிகள் அளவைக் கெடுக்கும். தெளிவு முதலில், கலங்கல் பிறகு என்பதும் அப்படித்தான். கலங்கல் தொட்ட ஊசியைத் தெளிந்த குப்பிக்குள் விட்டால் புரோட்டமின் கூடவே போகும். அந்தக் குப்பியின் வேகத்தை அதன்பின் நம்ப முடியாது. அவசர வேளையில் நேரே ரத்தநாளத்தில் ஏற்றப்படுவதும் அந்தத் தெளிந்த ரெகுலர்தான்.

இந்த இடத்தில் கிளார்ஜின் என்ற இன்சுலின் மாணவர்களை நன்றாக ஏமாற்றும். பார்வைக்குத் தெளிவு, வேலையோ ஏறக்குறைய 24 மணி நேரம். அது குப்பியில் அமிலக் கரைசலாக இருக்கிறது. உடலுக்குள் அமிலம் மட்டுப்பட்டதும் நுண்படிவாக உறைந்து, மெல்லக் கரைகிறது. வேறு இன்சுலினோடு கலந்தால் அமிலத்தன்மை மாறிக் கணக்கே குலைந்துவிடும். எனவே தெளிவாக இருந்தாலும் இதற்குத் தனி ஊசி.

மாட்டுக் கணையம் இன்று தேவையில்லை. 1978-இல் பெங்களூரில் பப்பாளியிலிருந்து நொதி பிரித்தெடுத்துத் தொழில் தொடங்கிய பயோகான், 2004-இல் பிக்கியா என்ற ஈஸ்ட்டை வைத்துத் தயாரித்த மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மனிதப் புரதத்தை ஈஸ்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்து வாங்குகிறோம்!

மூலக்கூறை இவ்வளவு நுணுக்கமாக வடிவமைத்த பிறகும், ஊசி குத்தும் வயிற்றில் விரல் வைத்துப் பார்க்காவிட்டால் எல்லாம் வீண். இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு கொழுப்புச் செல்களையும் வளர்க்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்புத் தடிப்பு உருவாகும். அதற்குள் போன மருந்து ஒருநாள் தாமதமாகும், ஒருநாள் சட்டென்று வரும். நோயாளிக்கு அந்த இடத்தில் வலி குறைவு என்பதால் அவரும் அங்கேயே குத்திக்கொள்வார். கண்ணுக்குத் தெரியாத தடிப்பும் விரலுக்குத் தெரியும். சர்க்கரை காரணமின்றி ஏறி இறங்கினால், டோஸைக் கூட்டும் முன் வயிற்றைத் தடவிப் பார்ப்பது மருந்தியலும் உடல் மதிப்பீடும் சந்திக்கும் இடம்.

இரண்டும் இதைவிட நெருக்கமாகச் சந்திக்கும் இடம் தாழ்சர்க்கரை. பெரியவர் ஒருவரின் ரத்தம் முழுவதிலும் இயல்பாக ஓடும் சர்க்கரை சுமார் 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவுதான். 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடல் அட்ரினலினைப் பாய்ச்சுகிறது. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். பாடப்புத்தகம் கற்றுத்தரும் மூன்று எச்சரிக்கைகள் இவை.

அதே நோயாளி படபடப்புக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ புரோப்ரனலால் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அட்ரினலின் அமரும் பீட்டா ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. நடுக்கம் அடங்கும், நாடி அமைதியாக இருக்கும். நாடியை மட்டும் பிடித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாகவே தோன்றும். ஆனால் வியர்வை நிற்காது. வியர்வைச் சுரப்பிகளுக்குப் போவதும் பரிவு நரம்புகள்தான். பெரும்பாலான பரிவு நரம்பு முனைகள் நாரட்ரினலினைச் சுரக்க, இவை மட்டும் விதிவிலக்காக அசிட்டைல்கோலினைச் சுரக்கின்றன. மாத்திரை அந்த வழியைத் தொடுவதே இல்லை. எனவே நோயாளியின் மருந்துச் சீட்டில் புரோப்ரனலால் இருந்தால், நாடி சீராக இருக்கிறதே என்று நகர்ந்துவிடாமல் நெற்றியையும் பிடரியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் உடனே குளுக்கோமீட்டர். எண் குறைவாக இருந்து, அவர் விழித்து விழுங்கக்கூடியவராக இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.