பிடித்த நிறமா, பிடிக்க வைத்த நிறமா?

மரக்காணம் உப்பளத்திலே பொழுது புலருமுன் இறங்குகிறான் பாட்டாளி. உடன் இறங்குகிறாள் அவன் துணைவி. தலைமேல் எரிக்கும் வெயில், உப்புப் பாத்தியில் பட்டுத் திரும்பி மீண்டும் அவர்கள் மேனியிலேயே பாய்கிறது. ஊருக்கெல்லாம் வெள்ளை உப்பைத் தந்துவிட்டுக் கறுத்த மேனியோடு கரையேறுகிறார்கள். அந்த வீட்டிலும் மகனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு எழுந்தால், முந்தி வரும் கேள்வி என்ன? "பெண் சிவப்பா?"

இது நிறவெறியல்லவா என்று கேட்டால் சீறுகிறார்கள் சிலர். "யாரைப் பிடிக்கிறது என்பது அவரவர் மனம், அதிலே கொள்கைக்கு என்ன வேலை?" என்கிறார்கள். இவளைத்தான் விரும்ப வேண்டும் என்று எவனுக்கும் கட்டளையிட நாம் வரவில்லை, வரவும் கூடாது. ஆனால் கேட்கிறோம்: அவரவர் மனம் என்றால், ஆளுக்கொரு நிறமல்லவா பிடிக்க வேண்டும்? ஊரே ஒரு நிறத்தை நாடுவதும், கறுத்த பெண்ணைப் பெற்றவன் கூடுதல் பவுனுக்குக் கடன் தேடி அலைவதும் எப்படி நேர்ந்தது?

இயற்கை என்பார்கள். இயற்கையன்று! சங்கத் தமிழன் மாந்தளிரை ஒத்த மாமை நிறத்தை அழகென்று பாடினான். அந்த நிறம் கெட்டு மேனி வெளிறுவதைப் பசலை என்றான். பிரிவுத் துயரின் அடையாளம் என்றான். அன்று வெளிறியது நோய். இன்று வெளுத்தது அழகு! கண் மாறவில்லை, தோழர்களே. கண்ணுக்குப் பாடம் சொன்னவர்கள் மாறினார்கள். வெயிலில் உழைப்பவன் தாழ்ந்தவன், நிழலில் உண்பவன் உயர்ந்தவன் என்ற ஆணவம் ஒரு பாடம். வெள்ளையன் ஆட்சி மற்றொரு பாடம். மூன்றாவது பாடம் சந்தை.

1975-இல் வந்தது 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு. நிறம் மாறினால் வேலை கிடைக்கும், வரன் கிடைக்கும் என்று ஓதின விளம்பரங்கள். 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு உலகம் கொதித்தெழுந்த பிறகே, பெயரிலிருந்து 'ஃபேர்' உதிர்ந்தது. ஷாதி.காம் என்னும் திருமணத் தளம், நிறத்தைக் குறித்து வரன் தேடும் வசதியை நீக்கியதும் அதே ஆண்டில்தான்.

முகத்தைக் காணுமுன், குணத்தை அறியுமுன், நிறத்தைச் சொல்லிக் கழித்துக்கட்டுவது விருப்பமாகுமா? ஒருத்தியைக் கண்டு மனத்தைப் பறிகொடுப்பது காதல். காணாமலே ஒதுக்குவது நிறவெறி. வேறு பெயர் அதற்கு இல்லை.

தென்னாப்பிரிக்க வெள்ளை ஆட்சி, வெள்ளையர் பிற இனத்தாரை மணப்பதை 1949-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. 1985-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. நம் நாட்டில் அப்படியொரு சட்டமில்லை. ஆகவே ஒழிக்கவும் சட்டமன்றத்தால் ஆகாது. நம் வீட்டுத் திண்ணையில்தான் அது ஒழிய வேண்டும்.

வெயிலில் கறுத்த கைகளுக்கு நியாயக் கூலி கேட்டு முழங்குகிறோம். அந்தக் கறுப்பையே இழிவென்று நம் மகளுக்குக் கற்பிக்கலாமா? அடுத்த முறை பெண் பார்க்கப் போகும்போது, அந்த முதல் கேள்வியை உப்பளத்து வரப்பிலேயே விட்டுவிட்டுப் போங்கள்!